சோலார் போட்டாச்சு, பதிவு எப்போது?

தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கூரையில் சோலார் போடுவது பற்றி யாராவது என்னிடம் கேட்டால், பேனல் எந்தக் கம்பெனி, இன்வெர்ட்டர் எத்தனை கிலோவாட் என்றெல்லாம் நான் இப்போது ஆரம்பிப்பதில்லை. சான்றிதழ், நகராட்சிப் பதிவு என்கிற பேப்பர் வேலை யார் பொறுப்பு என்றுதான் முதலில் கேட்கிறேன். கேட்டவர் முழிப்பார். "அதெல்லாம் கம்பெனிக்காரனே பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டான்" என்பார். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

நாங்கள் இருப்பது நடால் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் எந்த நகராட்சி என்று தெரிந்துவிடும், அங்கே கவுன்டரில் இருக்கும் பெண்மணி ஒருவர்தான் இந்தக் கதை முழுக்க எனக்கு ஒழுங்காகப் பதில் சொன்னவர், அவருக்குத் தலைவலி வேண்டாம். நான் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டவன். மனைவி வீட்டார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழி. மாமனார் சர்க்கரை ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு அவருடையது, கரண்ட் பில் அவர் பெயரில், சோலார் ஆசை என்னுடையது. இந்த மூன்றும் பின்னால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்காக லோட் ஷெட்டிங் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தயாரிப்பது எஸ்காம் என்ற அரசு நிறுவனம். அதன் நிலக்கரி நிலையங்கள் பழையவை, அந்த வருடங்களில் அடிக்கடி படுத்துவிடும். அப்போது ஊர் ஊராக, நேரம் போட்டு நிறுத்துவார்கள். ஒரு ஸ்டேஜ் என்றால் 1000 மெகாவாட் குறைப்பு, ஸ்டேஜ் 6 என்றால் 6000. 2007 கடைசியில் தொடங்கிய இந்த வழக்கம் 2023இல் உச்சத்துக்குப் போனது. ஸ்டேஜ் 6 வந்துவிட்டால் ஒரு நாளில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம்கூடப் போகும். எத்தனை மணிக்குப் போகும் என்று சொல்வதற்கு எஸ்காம்செபுஷ் என்று ஒரு செயலி உண்டு, காலையில் எழுந்ததும் ஜனங்கள் ராசிபலனுக்கு முன் அதைத்தான் பார்ப்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பக்கம் மின் கட்டமைப்பு மோசமாக அடிவாங்கியதால் அந்த நகரத்துக்குச் சில மாதம் லோட் ஷெட்டிங்கிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். 400க்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கிய வெள்ளம் அது. அந்த ஊர்க்காரர்களைப் பார்த்து மற்றவர்கள் "உங்களுக்கு என்ன, கரண்ட் இருக்கு" என்று சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு எல்லோருக்கும் மூளை குழம்பிப் போயிருந்தது.

சரி, 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் இனாக் கொடொங்வானா ஒரு சலுகை அறிவித்தார். வீட்டில் புதிதாகச் சோலார் பேனல் வைத்தால் பேனல் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை, ஒரே ஒரு வருடம். பேனலுக்கு மட்டும்தான், இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்களைப் போல எட்டு பேனல் வைக்கிறவனுக்கு எட்டாயிரம் ராண்ட் அளவில் மிஞ்சும். மொத்தச் செலவு லட்சத்தைத் தாண்டும்போது எட்டாயிரம் பெரிய தொகை இல்லை. ஆனாலும் அரசாங்கம் திருப்பித் தருகிறது என்றால் நம் ஆட்களுக்கு வரும் உற்சாகமே தனி. அதோடு அந்த ஏப்ரலில் எஸ்காம் கட்டணம் 18.65 சதவீதம் ஏறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினோம். எவ்வளவு பேர் ஓடினார்கள் என்பதற்கு எஸ்காமின் சொந்தக் கணக்கே உண்டு: நாடு முழுவதும் கூரைகளில் இருந்த சோலார் 2022 மார்ச்சில் 983 மெகாவாட், 2023 ஜூனில் 4,412 மெகாவாட். ஒன்றேகால் வருடத்தில் நாலு மடங்குக்கும் மேல். அந்தக் கூரைகளுக்கு எல்லாம் சோதனை செய்து கையெழுத்துப் போடுகிற ஆட்கள் நாலு மடங்கு ஆனார்களா? அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

அந்தச் சலுகையில் ஒரு நிபந்தனை இருந்தது. பேனல் வேலை செய்யத் தொடங்கினால் மட்டும் போதாது, அந்த ஒரு வருடத்துக்குள் தேதியிட்ட மின்பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். இங்கே எல்லோரும் சிஓசி என்பார்கள். பேனலை இரண்டு நாளில் மாட்டிவிடலாம், சிஓசி வாங்குவதுதான் மாதக்கணக்கு. வேலையில் எது மெதுவோ அதன் தேதியோடு போய் சலுகையை முடிச்சுப் போட்டுவைத்தார்கள். திட்டம் போட்டவர்கள் யாரும் தங்கள் வீட்டில் சோலார் போட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மாட்டும் வேலை உண்மையிலேயே நன்றாக நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். இளைஞர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஓடு ஒன்றும் உடையவில்லை. கடலுப்புக் காற்றுக்குச் சாதாரண இரும்பு தாங்காது என்று கிளாம்ப், போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டார்கள். எட்டு பேனல், நாலரை கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு, 5 கிலோவாட் இன்வெர்ட்டர், 5 யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரி ஒன்று. கீசரையும் அடுப்பையும் இன்வெர்ட்டர் பக்கம் சேர்க்காமல் டிபி போர்டை, அதாவது வீட்டு சுவிட்ச் பெட்டியை, இரண்டாகப் பிரித்தார்கள். படம் எடுத்துத் திருநெல்வேலியில் அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது: "டேய், வடக்கப் பாத்து வச்சிருக்கானுவளே, தெக்க பாத்துல்ல வைக்கணும்?" பூமத்திய ரேகைக்குக் கீழே முப்பது டிகிரி தள்ளி இருக்கிறோம், இங்கே சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும் என்று விளக்கிச் சொன்னேன். அவனுக்கு இன்னும் சந்தேகம்தான். நடால் கடலோரத்தில் இன்னொரு வசதியும் உண்டு. மழை கோடையில் பெய்யும், குளிர்காலம் பளிச்சென்று வெயிலடிக்கும், அதனால் ஜூன் ஜூலையில் உற்பத்தி நாம் பயப்படுகிற அளவுக்கு விழுவதில்லை.

மாட்டி முடித்ததும் மொத்தப் பணமும் கட்டியாகிவிட்டது. இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கியதும் மீதிப் பணம் என்பதுதான் ஒப்பந்தம், அன்றைக்கு எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் கேட்டார்கள், மாட்டேன் என்றால் பின்னால் பத்து பேர் வரிசையில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு சிஓசிக்கு ஆள் வரவில்லை. முதலில் "அடுத்த வாரம்", அப்புறம் "எலெக்ட்ரீஷியன் வேறு சைட்டில் இருக்கிறார்", அப்புறம் போன் அடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. கூரையில் ஏறி மாட்டுகிறவர்கள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் சான்றிதழில் கையெழுத்துப் போட உரிமை இருப்பது தொழிலாளர் துறையில் பதிவு செய்த எலெக்ட்ரீஷியனுக்கு மட்டும். எங்கள் கம்பெனியில் அப்படி ஒருவர் இருந்தார், விலகிப் போய்விட்டார். வெளியே இருந்து ஒருவரைப் பிடித்திருந்தார்கள், அந்த மனிதர் இன்னும் எத்தனையோ கம்பெனிகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர் வந்தபோது இன்னொரு கதவு சாத்தியிருந்தது. இருக்கும் வயரிங்கில் புதிதாக ஏதாவது சேர்த்தால் சேர்த்த பகுதிக்கு மட்டும் துணைச் சான்றிதழ் கொடுக்கலாம், ஆனால் அது செல்லுபடியாக வேண்டுமானால் வீட்டுக்கு மூலச் சான்றிதழ் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு இல்லை. எழுபதுகளில் கட்டிய வீடு, கைமாறவே இல்லை. இங்கே வீடு விற்கும்போதுதான் ஜனங்கள் சிஓசி எடுப்பார்கள். ஆக, முழு வீட்டையும் சோதிக்க வேண்டும், குறை இருந்தால் சரிசெய்ய வேண்டும், அதன் பிறகுதான் சோலார். கரண்ட் கசிந்தால் உடனே அணைய வேண்டிய எர்த் லீக்கேஜ் சுவிட்ச் சரியான நேரத்தில் விழவில்லை, பின்கட்டு அறைக்கு யாரோ எப்போதோ இழுத்த வயர் ஒன்று விதிப்படி இல்லை. "யாரோ" என்பது மாமாதான். அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. "நாப்பது வருஷம் மில்லு ஓட்டினவன், என் வயரைக் குத்தம் சொல்றான்" என்று இரண்டு நாள் அந்த எலெக்ட்ரீஷியன் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுவார். மூன்றாம் நாள் தானே கட்டிங் பிளேயரோடு போய் அந்த வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, "பாத்தேன். அவன் சொன்னது சரிதான்" என்றார்.

எங்கள் சிஓசி பிப்ரவரி தேதியிலேயே கிடைத்தது. வரிச் சலுகை கைவிட்டுப் போகவில்லை. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சாட்ஸ்வொர்த், டர்பனில் அறுபதுகளில் நிறவெறி அரசு கேட்டோ மேனர் மாதிரி இடங்களிலிருந்து இந்தியர்களைக் கிளப்பிக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். அன்றைக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆஸ்பெஸ்டாஸில் துளை போட்டால் நார்த்தூசி கிளம்பும், நுரையீரலுக்கு நஞ்சு. 2020இல் வந்த புதிய ஒழுங்குமுறையின்படி அதற்கென்று பதிவு செய்த ஒப்பந்தக்காரர்தான் அதில் கைவைக்க வேண்டும். நண்பருக்கு விலை சொல்ல வந்த கம்பெனிகளில் பாதிப் பேர் கூரையைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். ஒருவன் மட்டும் "கவலைப்படாதீங்க அங்கிள், மெதுவா ஓட்டை போட்டுடலாம்" என்றானாம். நண்பர் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, கடன் வாங்கிக் கூரையையே மாற்றினார். இதைப் பற்றி நாட்டில் யாரும் பேசுவதில்லை. சோலார் யாருக்கு அதிகம் தேவையோ, அறுபது வருடத்துக்கு முன் அரசாங்கம் போட்ட கூரை அவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்துகிறது, அதைக் கழற்றுகிற செலவும் அவர்கள் தலையில்.

கூரை மாறியதும் பேட்டரி வரவில்லை. 2023 நவம்பர். டர்பன் துறைமுகத்தில் கிரேன்களும் மற்ற எந்திரங்களும் பழுதாகி, சரக்கு இறக்க முடியாமல் அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட்டு நின்றன. கடற்கரைச் சாலையில் போனால் வரிசையாகத் தெரியும். "அதுல ஏதோ ஒண்ணுலதான் என் பேட்டரி இருக்கு" என்று நண்பர் கைநீட்டிக் காட்டுவார். வந்து சேர்ந்து, மாட்டி, சோதித்து, அவர் சிஓசியில் விழுந்த தேதி மார்ச் மாதம். சலுகை பிப்ரவரி 29ஓடு முடிந்திருந்தது. நீட்டிக்கச் சொல்லிப் பல பக்கத்திலிருந்தும் கேட்டார்கள், நிதித்துறை நீட்டிக்கவில்லை.

அடுத்து வந்த வேடிக்கையைச் சொல்கிறேன். 2024 மார்ச் 26ஆம் தேதி லோட் ஷெட்டிங் நின்றது. மே 29இல் தேர்தல், அதற்காகத்தான் டீசலை ஊற்றி ஓட்டுகிறார்கள், மறுநாளே இருட்டாகும் என்று எல்லோரும் பந்தயம் கட்டினார்கள். தேர்தல் முடிந்தும் கரண்ட் போகவில்லை. 300 நாளுக்கு மேல் தொடர்ந்து இருந்தது. நாட்டுக்கு நல்லதுதான். சோலார் வியாபாரம் படுத்தது. முந்தின வருடம் காளான் மாதிரி முளைத்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின, எங்கள் கம்பெனியும் அதில் ஒன்று. பேனலுக்கு இருபத்தைந்து வருட உத்தரவாதம் இருக்கிறது, அதை எழுதிக் கொடுத்தவன் இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. பதிவு வேலை "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்ன ஆள் யாரும் இனி இல்லை.

பதிவு என்று நான் சொல்வது உரிமம் இல்லை. பெரிய தனியார் மின்நிலையங்களுக்கே, 100 மெகாவாட்டைத் தாண்டினால் உரிமம் வேண்டும் என்ற விதியை 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். வீட்டுச் சோலாருக்கு உள்ளூரில் மின்சாரம் விநியோகிப்பவரிடம், அது நகராட்சியோ எஸ்காமோ, பதிவு செய்ய வேண்டும். சிறு உற்பத்தி என்ற வகையில் எஸ்எஸ்இஜி என்பார்கள். அதற்குத் தேவை: சிஓசி, வயரிங் வரைபடம், என்ஆர்எஸ் 097 என்ற தரவிதியின்படி சோதித்த இன்வெர்ட்டர் (கேப் டவுன் நகராட்சி வைத்திருக்கும் பட்டியலில் இருந்தால் வேறு பல ஊர்களிலும் ஏற்றுக்கொள்கிறார்கள்), பொறியாளர் கவுன்சிலில் பதிவு பெற்ற ஒரு பொறியாளர் அல்லது டெக்னாலஜிஸ்ட் கையெழுத்து, கடைசியில் இரண்டு பக்கமும் அளக்கிற மீட்டர்.

எங்கள் தெருவில் சோலார் வைத்திருப்பவர்களில் இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. "எதுக்கு பிரதர்? கரண்ட் வருது, யாரும் கேக்கல" என்றார் எதிர்வீட்டுக்காரர். எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. மாமா விடவில்லை. சர்க்கரை ஆலைக்காரருக்கு இது சொந்த விஷயம். ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுத்து, டர்பைன் ஓட்டி, தங்களுக்கான கரண்டைத் தாங்களே தயாரித்துக்கொள்வார்கள். உள்ளிருந்து ஒரு கரண்ட், வெளியிலிருந்து ஒரு கரண்ட். "மாப்ளே, லைன்ல வேலை நடக்குதுன்னா மூணு பேர் மூணு பூட்டுப் போடுவோம், அவனவன் சாவி அவனவன் பாக்கெட்டுல. வெளிக் கரண்ட் போச்சுன்னா லைன் செத்துப்போச்சுன்னு நெனச்சு ஒருத்தன் கம்பத்துல ஏறுவான். அந்த நேரம் உன் வீட்டுப் பொட்டி பின்னாடி தள்ளுச்சுன்னா?" என்றார்.

அவர் சொன்னது தான் அந்தத் தரவிதியின் உயிர். வெளியே கரண்ட் நின்றால் இன்வெர்ட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் தெருவிலிருந்து தன்னை வெட்டிக்கொள்ள வேண்டும், வீட்டுக்குள் மட்டும் கொடுக்க வேண்டும். நல்ல இன்வெர்ட்டர் எல்லாம் அதைச் செய்யும். ஆனால் சரியாக வயர் செய்திருக்கிறார்களா, இன்வெர்ட்டர் செட்டிங்கில் இந்த நாட்டுக்கான அளவுகளை வைத்திருக்கிறார்களா என்று யாராவது பார்க்க வேண்டுமே. ஆகவே விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதியை மதிக்காதவனுக்கு அன்றைக்கே கரண்ட், மதிக்கிறவனுக்கு வருடக்கணக்கில் அலைச்சல் என்று இருந்தால் எத்தனை பேர் மதிப்பார்கள்? பதிவு ஆகாத ஒவ்வொரு கூரையும் அந்த லைன்மேனுக்குத் தெரியாத கூரை. தாமதம் சோம்பேறித்தனத்தோடு நின்றால் பரவாயில்லை, அது ஒருநாள் யாருடைய உயிரிலோ போய் முடியும்.

பொறியாளரை நாமே தேடினோம். கிடைத்தவர் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் இருந்தார், எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை, பல ஆயிரம் ராண்ட் வாங்கிக்கொண்டு போட்டோ பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆனால் போட்டோ பார்ப்பதில் மனிதர் கில்லாடி. எர்த் கம்பியின் தடிமன் தெரியவில்லை, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடு. டிபி போர்டில் எச்சரிக்கை ஸ்டிக்கர் இல்லை, ஒட்டு. இந்த வீட்டில் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் வருகிறது என்று மீட்டர் பெட்டியிலும் எழுதி ஒட்டு. ஒவ்வொன்றும் நியாயமானது. மொத்தத்தையும் முதல் நாளே ஒரு தாளில் கொடுத்திருந்தால் ஒரே மதியத்தில் முடித்திருப்போம்.

விண்ணப்பம் கொடுத்ததும் திரும்பி வந்தது. காரணம், மாமாவின் பெயர். அடையாள அட்டையில் இருக்கும் எழுத்துக்கும் நகராட்சிக் கணக்கில் இருக்கும் எழுத்துக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். இங்கே நம் ஜனங்களுக்கு இது பரம்பரை வியாதி. கப்பலில் வந்தவர்களின் பெயரைக் காதில் விழுந்தபடி குமாஸ்தாக்கள் எழுதினார்கள், அண்ணன் ஒரு மாதிரி தம்பி ஒரு மாதிரி எழுதப்படுகிற குடும்பங்கள் உண்டு. அதோடு வீட்டுப் பத்திரம் இன்னும் மாமாவின் அப்பா பெயரில். அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அதைக் கவுன்டர் பெண்மணியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று குடும்பத்தில் ஒரு மாநாடே நடந்தது. அவர் சிரித்துவிட்டு, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போதும், பெயர் வித்தியாசத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனில் போய் ஒரு அஃபிடவிட் வாங்கி வாருங்கள் என்றார். இங்கே சத்தியக் கடிதத்துக்கு எல்லோரும் போவது போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். மாமா வாழ்நாளில் முதல் தடவையாகச் சோலாருக்காகப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் ஏறினார். அத்தை இதைக் கோவிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

மீட்டருக்குக் காத்திருந்த காலத்தில் இன்னொரு பெரிய வேலை நாடு முழுக்க வந்து விழுந்தது. பிரீபெய்டு மீட்டர் எல்லாம் ஒரு பழைய தேதிக் கணக்கில் ஓடுகின்றன, அது 2024 நவம்பர் 24ஆம் தேதியோடு தீர்ந்துவிடும். அதற்குள் ஒவ்வொரு மீட்டரிலும் இரண்டு இருபது இலக்க எண்களை அழுத்தி மாற்றாவிட்டால் அதற்குப் பிறகு பணம் கட்டி வாங்கும் டோக்கனை, அதாவது ரீசார்ஜ் எண்ணை, மீட்டர் ஏற்காது. மீட்டர் பிரிவு ஆட்கள் எல்லாம் வீடு வீடாக அதற்குத்தான் போனார்கள். எட்டு பேனல்காரனின் புது மீட்டர் யாருக்கு அவசரம்? இதில் நான் யாரையும் திட்டமாட்டேன். அது முடியாமல் போயிருந்தால் பாதி ஊர் இருட்டில் கிடந்திருக்கும்.

இந்தக் காத்திருப்பில் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம், கரண்ட்தான் வருகிறதே? பிரீபெய்டு மீட்டரில் பல வகைகள், கரண்ட் திரும்பிப் போவது தெரிந்தால் திருட்டு என்று நினைத்து விழுந்துவிடும். அதனால் மெயின் வயரில் கரண்ட் ஓட்டத்தை அளக்கிற ஒரு சிடி கிளாம்ப் மாட்டி, வெளியே ஒரு பொட்டுக்கூடப் போகாதபடி இன்வெர்ட்டரை அடக்கி வைப்பார்கள். காலை பத்து பதினொரு மணிக்கே பேட்டரி நிறைந்துவிடும். வீட்டில் ஓடுவது ஒரு ஃபிரிட்ஜும் மாமாவின் ரேடியோவும். உச்சிவெயிலில் பேனல்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நல்ல வெயில் நாளில் பதினாறு, பதினெட்டு யூனிட் தரக்கூடிய கூரையில் பாதி அப்படியே போகும். கீசரை மதியம் ஓடும்படி டைமர் போட்டோம், துணி துவைப்பது பகலுக்கு வந்தது, அத்தை இட்லிமாவு அரைப்பதைக் காலையிலிருந்து மதியத்துக்கு மாற்றிக்கொண்டார். உபரியைத் தெருவுக்குக் கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்வது என்பது பதிவுக்கும் மீட்டருக்கும் பிறகுதான்.

2025 ஜனவரி 31ஆம் தேதி லோட் ஷெட்டிங் திரும்ப வந்தது, பிப்ரவரியில் ஒரு வார இறுதியில் ஸ்டேஜ் 6 வரை போனது. எதிர்வீட்டுக்காரர் வீட்டில் விளக்கு எரிந்தது, எங்கள் வீட்டிலும் எரிந்தது. பதிவு செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் இன்வெர்ட்டர் வித்தியாசம் பார்ப்பதில்லை. மீட்டர் அந்த வருடம் நடுவில் வந்து சேர்ந்தது. மாட்டிய பையன் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனான்.

எஸ்காமிடம் நேரடியாக மின்சாரம் வாங்குகிற வீடுகளுக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. 50 கேவிஏ (ஏறக்குறைய கிலோவாட் மாதிரி ஓர் அளவு) வரை உள்ள வீட்டு அமைப்புகளுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை, மீட்டரும் இலவசம் என்று 2026 மார்ச் வரை தள்ளுபடி கொடுத்தார்கள். 2025 அக்டோபரில், கவுன்சில் பொறியாளரே வேண்டும் என்ற நிபந்தனையையும் தளர்த்தி, தொழிலாளர் துறையில் பதிவான எலெக்ட்ரீஷியன் கையெழுத்தே போதும் என்றார்கள். சரியான முடிவு. சிஓசி கொடுக்கிற அதே ஆள் இதிலும் கையெழுத்துப் போட்டால் சங்கிலியில் ஒரு கண்ணி குறையும். ஆனால் நகராட்சி மின்சாரம் வாங்குகிறவர்களுக்கு அந்தந்த நகராட்சி வைத்ததுதான் விதி.

அண்ணனும் போன வருடம் திருநெல்வேலியில் சோலார் போட்டான். 3 கிலோவாட், பிரதமர் சூரியவீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். பேனல் நிச்சயமாகத் தெற்குப் பார்த்துத்தான். அவனுக்கும் நெட் மீட்டருக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது. போனில் பேசினால் இரண்டு பேரும் குழந்தைகள் படிப்பை விட்டுவிட்டு மீட்டரைப் பற்றித்தான் பேசினோம்.

இப்போது எங்கள் மாரியம்மன் கோவில் கமிட்டி சோலார் போட யோசிக்கிறது. ஆடியில் கூழ் ஊற்றும்போதும் தைப்பூசக் காவடி அன்றும் கரண்ட் போய்த் தவித்த அனுபவம் அவர்களுக்கு. போலீஸ் ஸ்டேஷன் கதை மூலம் மாமா இந்த விஷயத்தில் நிபுணராகிவிட்டதால் அவரைக் கூப்பிட்டார்கள், அவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் சொன்னது இதுதான். விலை கேட்பதற்கு முன்பே கோவில் கட்டடத்துக்கு சிஓசி எடுத்துவிடுங்கள், அதில்தான் பாதி நேரம் போகும். பெயர், கணக்கு எண், கூரை வகை மூன்றையும் இப்போதே சரிபாருங்கள். கையெழுத்துப் போடப் போகும் எலெக்ட்ரீஷியன் யார், அவர் பதிவு எண் என்ன என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பதிவுக் கடிதம் கையில் வரும்வரை கொடுக்காதீர்கள்.

அந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டதும் இரண்டு கம்பெனிகள் ஒதுங்கிவிட்டன. மூன்றாவது கம்பெனி ஒத்துக்கொண்டது, ஆனால் விலையைப் பன்னிரண்டாயிரம் ராண்ட் ஏற்றிச் சொல்கிறது. கமிட்டிப் பொருளாளர் அது அதிகம் என்கிறார், மாமா கொடுத்துவிடலாம் என்கிறார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம்.